பின்னறை நத்தைகள்

மலாக்கா பக்கம் பாயா ரும்புட்டில் நாங்கள் இருப்பது மாடி வைத்த ஒரு வரிசை வீடு. வாங்கியபோதே அதன் பின்னறையைக் குழந்தைக்கு என்று என் மாமியார் ஒதுக்கிவிட்டார். சுவருக்கு இளமஞ்சள் பூசச் சொன்னவரும் அவர்தான். ஆணென்றாலும் பெண்ணென்றாலும் மஞ்சள் பொருந்தும் என்பது அவர் கணக்கு. ஏழெட்டு வருடங்கள் அந்த அறையில் இஸ்திரி மேசையும், கிறிஸ்துமஸ் மரம் வைத்த அட்டைப்பெட்டியும், ஓடாத ஒரு காற்றாடியும் குடியிருந்தன. அதன்பிறகு நான் அங்கே நத்தைகளைக் கொண்டுவந்து வைத்தேன்.

ஏதோ அபூர்வ நத்தைகள் என்று நினைத்துவிட வேண்டாம். மழை விட்ட காலையில் பூச்சட்டியில் ஏறி உட்கார்ந்திருக்குமே, பார்த்ததும் காலால் எத்தத் தோன்றுமே, அதே பழுப்பு ஆப்பிரிக்க நத்தைதான். புலாவ் செபாங் பக்கத்து எஸ்டேட்டில் நான் வளர்ந்தபோது அதைத் தொட்டவளை வீட்டுக்குள் விடமாட்டார்கள், கை கழுவிவிட்டு வா என்று துரத்துவார்கள். இப்போது நான் ஜாசினில் ஓர் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியை. நாற்பதை நெருங்கும் வயதில், வேலையையும் விடாமல், முதுகலைக்குப் பதிந்துகொண்டேன். நத்தையின் இனப்பெருக்க உயிரணுக்களை ஹார்மோன் எப்படி ஆட்டிவைக்கிறது என்பது தலைப்பு.

இந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுப் பந்திக்குப் போய்ப் பாருங்கள். "என்னா டீச்சர், மேல படிக்கிறீங்களாம்?" என்று ஆரம்பிப்பார்கள். நத்தை என்றதும் சிரிப்பார்கள். முட்டை, விந்து என்று போனதும் ரசம் எங்கே என்று தேடுவார்கள். ரசம் வந்ததும் கண் என் வயிற்றுக்கு வரும். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் ஒன்றும் காணோம், இதில் நத்தைக்குப் பிள்ளை பிறக்கிற படிப்பு வேறா என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் நான் பதிலுக்குச் சொல்வேன் என்று தெரியும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

விஷயம் ஒன்றும் சிக்கலானதில்லை. நத்தையில் ஆண் பெண் என்று தனித்தனியாகக் கிடையாது. ஓட்டின் உச்சிச் சுருளில், ஈரலுக்குள் புதைந்தாற்போல, ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. கருமுட்டை, விந்தணு இரண்டும் அந்த ஒரே சுரப்பியில்தான் பக்கத்தில் பக்கத்தில் உருவாகின்றன. இளவயதில் விந்தணு முந்திக்கொள்கிறது. முட்டை பிறகு வருகிறது. நீ முட்டையாகு, நீ விந்தாகு என்று யார் உத்தரவு போடுவது? என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி அது ஒன்றுதான்.

சுரப்பி தானாக முடிவெடுப்பதில்லை. உத்தரவு தலையிலிருந்து இரத்தத்தில் வருகிறது. மூளையிலிருந்து வரும் ஹார்மோன் முட்டையை வளர்க்கிறது. கண் வைத்த நீண்ட கொம்புகளில் ஊறுவது முட்டையைத் தடுத்து விந்தணுவைத் தள்ளிவிடுகிறது என்று ஒரு கட்சி உண்டு. எல்லா நத்தைக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது என்று இன்னொரு கட்சி. கொம்பை நீக்கினால் முட்டை பெருகுகிறதா, நீக்கிய பிறகு கொம்பின் சாற்றை ஊசியில் ஏற்றினால் மறுபடி குறைகிறதா என்று பார்த்துவிடலாம் என நான் புறப்பட்டேன்.

பின்னறைக்கு நத்தை வருவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே என் சொந்த விவகாரம் முடிந்துபோயிருந்தது. மலாக்கா டவுனில் ஒரு சீன டாக்டரம்மாவிடம் போயிருந்தோம். இரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். அடுத்த முறை போனபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். மூளை ஹார்மோனை ஏகத்துக்கு அனுப்புகிறது, சினைப்பை பதில் சொல்லவில்லை, முட்டைகள் வயதுக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டன என்றார். நான் இதை வகுப்பில் படம் போட்டு நடத்துகிறவள். அவர் பாதி சொல்லும்போதே மீதி எனக்குப் புரிந்துவிட்டது. வேறொருத்தியின் முட்டையை வாங்கிக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது என்றார். எங்களுக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

காரில் ஏறியதும் என் கணவர் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். "அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம் லா. தாங்க மாட்டாங்க," என்றார். சரி என்றேன். அழுகை வந்தது, அழுதேன். பிறகு பாசாரில் நிறுத்தி மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அந்த "இப்ப வேணாம்" அப்படியே நீண்டுகொண்டு போனது. அது தப்பென்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. என் வயிறு, என் விவகாரம்.

ஆனால் மாமியாருக்கு அது அவருடைய விவகாரமும்தான். அவர் ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். ரப்பர் பாலெடுக்க மரம் வெட்டப் போகும் பெண்கள் விடியலில் கொண்டுவந்து விட்டுப்போகிற குழந்தைகளைத் துணித் தொட்டிலில் போட்டு ஆட்டுவது, கஞ்சி ஊட்டுவது, பேதி என்றால் கழுவிவிடுவது, எல்லாம் அவர் வேலை. இன்றைக்கும் மாதா கோயில் வாசலில் மீசை வைத்த ஆள் எவனாவது "ஆயா, நல்லா இருக்கீங்களா?" என்று வந்து நின்றால், "இவனுக்கு மூணு நாள் வயித்தால போச்சு, நான்தான் பாத்தேன்," என்று அவன் பெண்டாட்டி முன்னாலேயே சொல்வார். ஊரார் பிள்ளைகளை அவ்வளவு தூக்கியவருக்குச் சொந்தமாக ஒரே மகன். அந்த மகனுக்கு ஒரு பிள்ளை வேண்டும். ஆண்டவரிடம் அவர் கேட்டது அவ்வளவுதான்.

கேட்டார் என்றால் சும்மா கேட்கவில்லை, நச்சரித்தார். ஒன்பது நாள் ஜெபம் என்கிற நவநாள் ஒன்றையும் விடமாட்டார். வருடத்துக்கு ஒரு முறை பஸ் பிடித்து வடக்கே ஒரு கோயில் திருவிழாவுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார். நான் பிறப்பில் இந்து, கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டவள். எனக்குப் பக்தி கம்மி. அதனால் பரவாயில்லை என்பதுபோல் என் பங்கையும் சேர்த்து அவரே ஜெபித்தார். "கண்டிப்பா குடுப்பாரு பிள்ள, நீ கவலப்படாத," என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் "ம்" என்பேன். அந்த "ம்" எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

நத்தைக்கு வருகிறேன். ஜாசினைத் தாண்டி ஒரு செம்பனை நாற்றங்கால் இருக்கிறது. இளங்கன்றுகளின் குருத்தை நத்தைகள் இரவோடு இரவாகத் தின்றுவிடும். அங்கே ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவரிடம் போய் ஒரு டப்பா நத்தை முட்டை வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முட்டையா? எதுக்கு டீச்சர், மருந்தா?"

"இல்ல ண்ணே, ஆராய்ச்சிக்கு."

"ஒரு டப்பா எதுக்கு, ஒரு லோரி ஏத்திவிடறேன் லா, கொண்டுக்கிட்டு போங்க!"

கன்றுப் பைகளின் மண்ணைக் கிளறினால் வெளிர் மஞ்சளில் முத்து முத்தாக முட்டைகள் கிடந்தன. கொண்டுவந்து பொரிக்கவைத்தேன். குஞ்சுகள் சற்று வளர்ந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டேன். இரண்டு நத்தைகள் சேர்ந்துவிட்டால் அதனாலேயே உடம்புக்குள் ஹார்மோன் மாறிவிடும், பிறகு கொம்பினால் ஆனது எது, கூடலினால் ஆனது எது என்று பிரிக்கமுடியாது. ஆகையால் எல்லாம் பிறந்ததிலிருந்து தனிக்கட்டைகள். டப்பா மூடியில் காற்றுக்குத் துளைகள். அடியில் ஈர மண். தினமும் கையுறை போட்டுக் கழுவித் துடைத்து, கீரை வைத்து, ஈரம் பார்க்கவேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வார இறுதியில்தான் போகமுடியும் என்பதால் வளர்ப்பு முழுவதும் வீட்டில். பெரிதாகி முட்டைப் பருவத்துக்கு வர மாதக்கணக்கில் பிடித்தது.

பிள்ளைக்கென்று வைத்த அறையில் நத்தையை வைத்தது மாமியாருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் மரத்தை மட்டும் எடுத்துத் தன் அறையில் வைத்துக்கொண்டார். ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் வாசலில் நின்று எட்டிப்பார்த்தார்.

"இதுல ஆம்பள எது, பொம்பள எது?"

"ரெண்டும் ஒண்ணுலயே இருக்கு அத்தை."

"ச்சீ!"

மறுநாள் மறுபடி வந்தார். "அப்படின்னா அது தனியா இருந்தாலே பிள்ள பெத்துக்குமா?"

"அபூர்வமா நடக்கும்னு சொல்றாங்க. பெரும்பாலும் இன்னொண்ணு வேணும்."

"பாத்தியா, அதுக்கும் துணைய வச்சுத்தான் படைச்சிருக்காரு," என்று சொல்லிவிட்டு, ஏதோ என்னை வாதத்தில் ஜெயித்துவிட்டதுபோலப் போனார்.

ஆயாக் கொட்டகை கை சும்மா இருக்குமா? கொஞ்ச நாளில் கீரைத் தண்டுகளை அவரே நறுக்கி வைத்தார். ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்றேன். கோழிமுட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து அம்மியில் பொடித்துக் கொடுத்தார். "மூணாவது தட்டுல ரெண்டாவது சரியா சாப்பிடல," என்று நான் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாகத் தகவல் சொல்வார். எரிச்சலாக வந்தாலும், அவர் சொன்னது சரியாகவே இருக்கும். பாசாரில் யாரோ கேட்டதற்கு, "மருமவ நத்தைக்கு வைத்தியம் பாக்குறா," என்று சொன்னாராம். தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு கொம்பு வெட்டுகிற கட்டம் வந்தது. மெந்தால் கரைத்த தண்ணீரில் நத்தையைப் போட்டு மரத்துப்போக வைத்து, நீட்டியபடியே தளர்ந்து கிடக்கும் கொம்பைச் சிறு கத்தரியால் அடியோடு நறுக்கவேண்டும். வீடெல்லாம் தைல வாசனை அடித்தது. யாருக்கோ தலைவலி என்று நினைத்துக் கோப்பியோடு வந்தவர் நான் வெட்டுவதைப் பார்த்துவிட்டார்.

"ஐயோ, கண்ணப் புடுங்குறியா பிள்ள?"

"கொம்பு அத்தை. கண்ணு அதோட நுனியில இருக்கு. கொஞ்ச நாள்ல திரும்ப முளைச்சிரும். வலி தெரியாம இருக்கத்தான் இந்தத் தண்ணி."

"எதுக்கு வெட்டுற?"

"முட்டை கூடுதா கொறையுதான்னு பாக்க."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு, திறந்து எடுத்து, எண்ணணும்."

அவர் கோப்பியை மேசையில் வைத்தார். "முட்டை வச்சிருக்கிறதப் போயி..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்த அறை வாசலைத் தாண்டும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டார். அருவருப்பு மறுபடி வந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கும் வேலை தலைக்குமேல் இருந்தது. கொம்பு நீக்கியவை ஒரு தட்டு, நீக்கிச் சாறு ஏற்றியவை ஒரு தட்டு, ஒன்றும் செய்யாதவை ஒரு தட்டு என்று அலமாரி நிறைந்திருந்தது. இன்னும் சில வாரம் போனால் சுரப்பிகளை எடுத்து மெலிதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம் என்கிற நிலை.

எங்கள் கோயிலில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் குணமளிக்கும் பூசை நடக்கும். வருகிறவர்கள் பையில் உப்புப் பாக்கெட், தண்ணீர்ப் போத்தல், எண்ணெய் என்று கொண்டுவருவார்கள். பூசை முடிந்ததும் ஃபாதர் எல்லாவற்றையும் மந்திரித்துக் கொடுப்பார். மந்திரித்த உப்பு எங்கள் வீட்டில் தீர்ந்ததே கிடையாது. வீட்டின் நான்கு மூலைக்கு, கேட்டுக்கு, புதுக் கார் வாங்கினால் டயருக்கு, பக்கத்து வீட்டுப் பெண் பரீட்சைக்குப் போனால் அவள் பென்சில் பெட்டிக்கு என்று மாமியார் தூவிக்கொண்டே இருப்பார். நல்லது நடந்தால் உப்பால் நடந்தது. நடக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் தூவவேண்டும்.

அந்த மாதம் பூசைக்கு மறுநாள் சனிக்கிழமை. பள்ளியில் விளையாட்டுப் போட்டி என்று நான் காலையிலேயே போய்விட்டேன். மத்தியானம் திரும்பிவந்து, காலணியைக் கழற்றி, வழக்கம்போல் முதலில் பின்னறைக்குப் போனேன். சளசளவென்று ஒரு சன்னமான சத்தம். சோற்றுப் பானை அடங்கும்போது வருகிற சத்தம் மாதிரி. முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு மேல்தட்டு டப்பா ஒன்றைத் திறந்தேன். நத்தை நுரையாகக் கக்கிக்கொண்டிருந்தது. மூடிமேல் வெள்ளையாக உப்புத்தூள். துளை வழியாக உள்ளே இறங்கி, முதுகிலும் மண்ணிலும் விழுந்திருந்தது.

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு கணம்தான். பிறகு இரண்டிரண்டு டப்பாவாகத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழுவினேன். கையுறை போட நேரமில்லை. சில சுருங்கி ஓட்டுக்குள் போய் அசையாமல் கிடந்தன. சில வெளியே தொங்கிக்கொண்டு மெழுகுபோல் ஒழுகின. கீழ்த்தட்டில் உப்பு அவ்வளவாக விழாத கொஞ்சம் மட்டும் தலையை நீட்டின. அவற்றில் பாதி ஒன்றும் செய்யப்படாதவை. கொம்பை மட்டும் நீக்கியவை எல்லாம் மேல்தட்டில்தான் இருந்தன.

மாமியார் குளியலறை வாசலில் வந்து நின்றார். "என்னாச்சு பிள்ள? ஏன் இப்படி நுரை தள்ளுது?"

"என்னத்த போட்டீங்க?" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"மந்திரிச்ச உப்புதானே..."

"உப்பு! நத்தை மேல உப்பு! உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? எஸ்டேட்டில் மழைக்காலத்தில் கொட்டகைச் சுவரில் ஏறும் நத்தைகளுக்கு உப்புத் தூவிக் கொன்ற கை அது. குழந்தைகள் எடுத்து வாயில் வைத்துவிடும் என்று அவரே அள்ளித் தூவியிருக்கிறார். ஆனால் ஃபாதர் கைவைத்து மந்திரித்த பிறகு அது அவருக்கு உப்பே இல்லை. அடுப்பங்கரை டப்பாவில் இருப்பதுதான் உப்பு. மாதா படத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஆசீர்வாதம். இரண்டும் ஒரே கடையில் ஒரே பாக்கெட்டில் வந்தவை என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"அது சாதாரண உப்பு இல்ல பிள்ள, மந்திரிச்சது. நீ அதுங்க முட்டையில கைய வைக்கிற. அந்தப் பாவம் உம்மேல வந்து விழக்கூடாதுன்னுதான் அதுங்க மேலயும் ஒரு ஆசீர் இருக்கட்டும்னு..."

"மந்திரிச்சா என்னா, மந்திரிக்காட்டி என்னா, உப்பு அதோட வேலையத்தான் காட்டும்! உள்ள இருக்கிற முட்டையெல்லாம் செத்துப்போச்சு. இனி எதுக்கும் ஆகாது. பாருங்க, நல்லா பாருங்க!"

செத்த ஒன்றை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். கோபம் மூக்குக்கு மேல் நின்றது, அடக்கிக்கொள்ள எனக்கு ஒரு அவசியமும் தெரியவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

அந்தத் தொகுதி போனது போனதுதான். மிஞ்சியதை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. என் மேற்பார்வையாளர் சிரித்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடி ஆரம்பி என்றார். மறுபடி நாற்றங்காலுக்குப் போய், மறுபடி முட்டை கிளறி, மறுபடி வளர்த்தேன். எதிர்பார்த்ததில் பாதி வந்தது, பாதி வரவில்லை. பட்டம் தாமதமாகக் கிடைத்தது. அதைப்பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

நான் சொல்லவந்தது அன்று மத்தியானத்தைப் பற்றி. குளியலறையைக் கழுவி, செத்தவற்றைப் பையில் கட்டிப் போட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுப்பங்கரைக்கு வந்தேன். மாமியார் மேசையில் உட்கார்ந்திருந்தார். சோறு ஆக்கி மூடியிருந்தது. அவர் சாப்பிடவில்லை. எனக்குப் பசித்தது. தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத," என்றார்.

"கேளுங்க."

"மந்திரிச்சாலும் உப்பு அதோட வேலையத்தான் காட்டும்னு சொன்னல்ல?"

"ஆமா."

"உள்ள இருக்கிற முட்டையெல்லாம் செத்துப்போயிரும்னு சொன்ன."

"ஆமா அத்தை. அதுக்கு இப்ப என்னா?"

அவர் என் தட்டைப் பார்த்தார். "உன் சாப்பாட்டுல நான் போட்டிருக்கேன். கல்யாணமான மறு வருசத்துல இருந்து. தினமும் ஒரு சிட்டிகை. உன் பங்குல மட்டும்."

நான் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டேன். குழம்பில் உப்புத் தூக்கல் என்று நான் சொல்லும்போதெல்லாம் என் கணவர் இல்லையே, சரியாகத்தானே இருக்கிறது என்று ஆச்சரியப்படுவார். எனக்கு நாக்கில்தான் ஏதோ கோளாறு என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது.

"அதான் உனக்குத் தங்காமலே போச்சா? நான்தான் கெடுத்துட்டேனா?"

நான் ஆசிரியை. எதையும் விளக்கினால் தீர்ந்துவிடும் என்ற நினைப்பு எனக்கு உண்டு. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினேன். நத்தைக்கு நம்மைப்போல் தோல் கிடையாது, ஈரமான வெறும் சதை, மேலே உப்பு விழுந்தால் உள்ளே இருக்கிற தண்ணீரையெல்லாம் இழுத்துவிடும். நமக்கு அப்படியில்லை. சாப்பிடுகிற உப்பு இரத்தத்தில் கலந்து, வேண்டாதது சிறுநீரில் போய்விடும். நீங்கள் போட்ட ஒரு சிட்டிகை எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

"சத்தியமா?"

"சத்தியமா அத்தை. அதனால இல்ல."

பெருமூச்சு விடுவார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் இன்னும் விழுந்துவிட்டது.

"அப்ப உப்பு இல்லையா?" என்றார். "அதுதான் காரணம்னா நாளைக்கே நிறுத்திரலாம்னு நெனச்சேன். நிறுத்திட்டா புடிச்சிரும்னு நெனச்சேன். உனக்கு இன்னும் வயசு இருக்கே பிள்ள."

பாவம் தன்னுடையது என்றால்கூட அவருக்குச் சம்மதம். அதை விட்டால் பிள்ளை பிறந்துவிடும் என்றால் சந்தோஷமாகவே ஒத்துக்கொள்வார். நான் அப்போது "ம்" என்று சொல்லியிருக்கலாம். நிறுத்திப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு மூன்று வருடம் அதில் ஓடியிருக்கும். ஆனால் பின்னறையில் அத்தனையும் செத்துக் கிடந்த அன்றைக்கு எனக்கு அந்த "ம்" வரவில்லை.

"உப்ப நிறுத்தினாலும் வராது அத்தை," என்றேன். "எனக்கு முட்டையே இல்ல. தீர்ந்துபோச்சு."

"தீர்ந்துபோச்சுன்னா?"

"மூளையில இருந்து உத்தரவு வந்துக்கிட்டுதான் இருக்கு. மத்தவங்களுக்கு வர்றதவிட நிறையாவே வருது. கீழ அதக் கேக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. டாக்டரு ரத்தத்துல பாத்துச் சொல்லிட்டாங்க."

"மருந்து?"

"இதுக்கு இல்ல."

அவர் அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. மேசையில் சிந்தியிருந்த தண்ணீரைக் கைலி முனையால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"நத்தை கொண்டாரதுக்கு முன்னாலயே."

"அவனுக்கு?"

"தெரியும். கூடத்தான் இருந்தாங்க."

அவர் மனதுக்குள் எதையோ பின்னோக்கிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நவநாள், எத்தனை பஸ் பயணம், எத்தனை வெள்ளிக்கிழமை என்று நான் நினைத்துக்கொண்டேன். இனி வசை வரும், இத்தனை நாள் என்னைப் பைத்தியக்காரியாக்கிவிட்டீர்களே என்று கத்துவார், கத்தட்டும் என்று காத்திருந்தேன்.

"சொல்லியிருக்கலாமே பிள்ள," என்றார். "இல்லாத ஒண்ணயே கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். உனக்குன்னு வேற எதையாச்சும் கேட்டிருப்பேனே."

சும்மா ஏதாவது பேசவேண்டுமே என்று, "வேற என்னத்த கேட்டிருப்பீங்க?" என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "தூக்கம். ராத்திரி ராத்திரி நீ எழுந்து மாடியில நடக்குறது கீழ எனக்குக் கேக்கும். ரெண்டு மூணு வருசமா கேக்குது. அதுக்கு ஒருநாளும் நான் ஜெபிக்கல."